ஒரே பூந்தலையில் இரு வம்சங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பிரதேசமான நார்தம்பர்லாந்திலும் டர்ஹாமிலும், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர்களில், செப்டம்பர் மாதம் வந்தால் தொழிலாளர் மன்றங்களின் கூடங்கள் ஒரு காய்கறியின் பொருட்டு விழாக்கோலம் பூணும். வாரமெல்லாம் பூமிக்கடியில் கரி வெட்டிய மனிதர்கள், ஓய்வு கிடைத்த பொழுதுகளில் தங்கள் சிறு தோட்டங்களில் வளர்த்த லீக்ஸ் செடிகளை வேரோடு அகழ்ந்து, கழுவி, இலைகளை ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க, நடுவர் அளவுநாடாவுடன் வந்து, வெண்டண்டின் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து, அவற்றிலிருந்து கன அளவைக் கணக்கிட்டு வெற்றியை நிர்ணயம் செய்வார். ‘பாட் லீக்’ எனப்படும் குட்டைப் பிரிவில், அடியிலிருந்து முதல் இலை பிரியும் இடம்வரை 6 அங்குலத்தை மீறலாகாது என்பது விதி. நீளத்துக்கு இவ்விதம் எல்லை வகுத்துவிட்டபடியால், போட்டி முழுவதும் பருமனையே நாடிச் சென்றது. ரொக்கமும் வீட்டுச் சாமான்களும் பரிசாகக் கிடைத்தமையால், போட்டிக்கு முந்தைய இரவுகளில் தோட்டத்திலேயே காவலிருந்தவர்களும் உண்டு. பொறாமை மேலிட்டு எதிராளியின் செடியைக் கத்தியால் கீறிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அயலார் கண்ணுக்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் போட்டிக்குள், பயிர் செய்வோர் அனைவரையும் பற்றிய ஒரு பெரிய பிரச்சினை அடங்கியிருக்கிறது. இந்த ஆண்டு பரிசு வாங்கிய செடியின் குணத்தை அடுத்த ஆண்டுக்கு எப்படிக் கொண்டு செல்வது? அதைப் பூக்கவிட்டு விதை எடுக்கலாம்; அல்லது அதே பூந்தலையிலிருந்து, விதையின் சம்பந்தமே இல்லாமல், சின்னஞ்சிறு கன்றுகளை வரவழைத்து நடலாம். ஒரே தண்டின் உச்சியில் இரண்டு வம்சங்கள் காத்திருக்கின்றன. எதை எழுப்புவது என்பது தோட்டக்காரனின் கையில் இருக்கிறது. அந்த இரு வழிகளின் இயல்பையும், எவருக்கு எது உகந்தது என்பதையும் விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லீக்ஸ் என்பது வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உறவான பயிர். இலங்கையின் நுவரெலியாப் பக்கத்து மலைத் தோட்டங்களில் இது பரவலாக விளைவதால், அந்நாட்டுத் தமிழர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நீலகிரியின் காய்கறிச் சந்தைகளைக் கண்டவர்களும் இதை அறிவார்கள். நாம் தண்டு என்று நினைத்து நறுக்குவது உண்மையில் தண்டே அல்ல. ஒரு லீக்ஸை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தால், ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டு நெருங்கிய இலைத்தாள்களே அந்த வெள்ளைப் பகுதி முழுவதும் என்பது தெரியவரும். மெய்யான தண்டு, வேர்கள் புறப்படும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு தடித்த வட்டத் தட்டாக மட்டுமே இருக்கிறது. மண் அணைத்து வெளிச்சத்தை மறைத்துவிட்டால் அந்தத் தாள்கள் பச்சையம் பெறாமல் வெளுத்து, மென்மையடைந்து, உண்பதற்கு இனிமையாகின்றன.

இச்செடியின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். முதலாண்டில் இலைகளை மட்டும் விரித்து உணவைச் சேர்த்துக்கொள்ளும். பின்னர் குளிர்காலத்தின் தண்மை அதன் உடலில் படிந்த பிறகே, இனி இலை போதும், பூ வேண்டும் என்னும் மாறுதல் அதற்குள் நிகழும். இரண்டாவது கோடையில் நடுக்குருத்திலிருந்து உறுதியான பூத்தண்டு ஒன்று கிளம்பி, ஒரு மனிதனின் மார்பளவுக்கோ அதற்கும் மேலோ உயர்ந்து, உச்சியில் நீண்ட மூக்குடைய மெல்லிய உறையால் மூடப்பட்ட மொட்டைத் தாங்கி நிற்கும். அந்த உறை கிழிந்து விலகியதும், நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பின் நுனியில், வெண்மையும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் பந்துபோல் திரண்டு மலரும். வண்டும் தேனீயும் ஈயும் அதனை விட்டகலா.

முதலில் விதையின் வழியைப் பார்ப்போம். பூக்கள் உதிர்ந்தபின் ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மூன்று அறைகள் கொண்ட சிறு கூடு உருவாகி, அதனுள் கோணல்மாணலான கருநிற விதைகள் முற்றுகின்றன. ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 350 விதைகள் இருக்கும். கூடுகள் வெடித்துக் கறுப்பு தெரியத் தொடங்கும்போது, ஒரு முழத் தண்டோடு தலையை வெட்டி, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி, கையால் கசக்கித் தூற்றி எடுப்பது வழக்கம். இங்கிலாந்தின் வடபகுதியிலோ, இலையுதிர்காலத்து மழையும் பனியும் வருமுன் விதை முற்றிவிடும் என்று எவரும் உறுதிகூற முடியாது. இவ்வளவு பாடுபட்டுச் சேகரித்த விதையும் நெடுநாள் தாங்குவதில்லை; இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் முளைப்புத் திறன் வெகுவாகக் குன்றிவிடும். ஆகையால் பழைய பொட்டலத்தை நம்பி நாற்றங்கால் போடுவது விவேகமல்ல.

விதைப்பு முறை எளியது. வசந்தகாலத்தின் தொடக்கத்தில், தட்டிலோ பாத்தியிலோ, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விதையை இட்டு மண்ணை மூடி ஈரம் காக்கவேண்டும். ஏழெட்டு டிகிரிக் குளிரிலும் முளைக்கும் என்றாலும், அதற்கு உகந்த வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை. வெயில் மிகுந்து மண் சூடேறிவிட்டால் முளைப்பு கெடும். இரண்டு மூன்று வாரங்களில் முளை வெளிப்படும் விதத்தைக் கவனித்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள்: முதலிலை நிமிர்ந்து எழாமல், நுனியை விதையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முழங்கால் மடித்தாற்போல வளைந்து மண்ணைக் கிழித்து மேலே வரும், சில நாட்கள் கழித்தே அது நிமிர்ந்து, கருநிற விதையுறையைத் தன் நுனியில் ஏந்தியபடி நிற்கும். நாற்றுகள் பென்சில் பருமன் அடைந்ததும், பாத்தியில் குத்துக்கோலால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, துளைக்கொன்றாக இறக்கி, மண்ணால் மூடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டும். தண்ணீரோடு கரைந்து இறங்கும் மண் வேரைப் பற்றிக்கொள்ளும். எஞ்சிய வெற்றிடம் செடி பருக்கப் பருக்கத் தானே நிரம்பும். துளையின் இருட்டில் வளர்ந்த பகுதி முயற்சியின்றியே வெளுத்துவிடுவது இம்முறையின் கூடுதல் லாபம்.

சமையலுக்காகப் பயிரிடுவோருக்கு இதைவிடச் சிறந்த மார்க்கம் இல்லை. ஆனால் பரிசை நாடுவோனுக்கு விதையில் ஒரு பெருங்குறை தென்படுகிறது: ஒரு தலையின் விதைகளை எல்லாம் முளைக்கவிட்டால், ஒன்று நெடிதாகவும் ஒன்று குட்டையாகவும், ஒன்று சீக்கிரம் பருப்பதாகவும் ஒன்று அடிப்பகுதி உப்பி வெங்காயச் சாயல் கொண்டதாகவும் வளரும். இதன் காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிட, சூல்முடி அதன்பிறகே மகரந்தத்தை ஏற்கும் பக்குவம் அடைகிறது; எனவே ஒரு பூ தன்னாலேயே கருவுறுவது அரிது. அதே தலையின் மற்றொரு பூவிலிருந்து மகரந்தம் வந்து சேரலாம் என்றாலும், அப்படிப் பிறக்கும் தன்வழிச் சந்ததி மிகவும் நலிந்து, ஓரிரு தலைமுறைகளிலேயே வீரியம் இழந்துவிடும். பக்கத்துப் பாத்தியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்க்கும்போதுதான் வலிய பிள்ளைகள் பிறக்கின்றன. மேலும், மனிதருக்கும் பெரும்பாலான பிராணிகளுக்கும் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக அமைந்திருக்க, லீக்ஸுக்கோ நான்கு நான்காக, மொத்தம் 32 இருக்கின்றன. தாயிடமும் தந்தையிடமும் உள்ள குணங்கள் கலந்து பிரிவதற்கு அங்கே எண்ணற்ற வழிகள் உள்ளன. ஆகவே தன் இனத்தைச் சுத்தமாகக் காக்க விரும்புபவன் ஒன்றிரண்டு செடிகளைப் பூக்கவிட்டால் போதாது; இருபதுக்குக் குறையாத நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்து, வேறு ரக லீக்ஸ் அருகில் பூக்காதவாறு பார்த்து, அவற்றின் விதையை ஒன்றாகக் கலந்தே சேமிக்கவேண்டும். ஒரு சிறு துண்டு நிலத்தில் தோட்டமிடும் தொழிலாளிக்கு இவ்வளவு இடம் ஏது?

இந்த இக்கட்டிலிருந்து தப்பிக்க வட இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் கண்ட உபாயம் அதே பூந்தலையிலேயே இருந்தது. லீக்ஸின் தலையில், பூக்களுக்கிடையே, சில வேளைகளில் அரிசியளவிலோ பட்டாணியளவிலோ சிறு குமிழ்கள் தாமாகவே தோன்றுவதுண்டு. இன்னும் சில வேளைகளில் குமிழாகத் திரளாமல், நேரே பச்சை நாக்குகளாகப் புற்களைப்போல முளைத்துவிடும். முந்தியதைத் தோட்டக்காரர்கள் ‘பிப்’ என்றும், பிந்தியதைக் ‘கிராஸ்’ என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் விதையல்ல, மகரந்தச் சேர்க்கையின் பலனுமல்ல. தாய்ச்செடியின் உடலில் ஒரு துணுக்கே குருத்தாகி நிற்பதால், தாயின் குணம் எதுவும் கூடாமல் குறையாமல் அதில் அப்படியே அமைந்திருக்கும். பழத்தில் விதையில்லாத நம் வாழை, தாயின் அடியிலிருந்து கிளம்பும் கன்றின் மூலமே தலைமுறை தலைமுறையாகத் தன் ரகத்தைக் காத்து வருவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. வாழையின் கன்று மண்ணிலிருந்து வருகிறது, லீக்ஸின் கன்று ஆகாயத்தில் பிறக்கிறது என்பதே வித்தியாசம்.

இயற்கையாக வரும் குமிழ்களை எதிர்பார்த்துக்கொண்டிராமல், அவற்றை வரவழைப்பதற்கும் ஒரு யுக்தி உண்டு. ஜூலை மாதத்தில் உறை கிழிந்து, மொட்டுகள் விரியும் தறுவாயில் இருக்கும்போது, தோட்டக்காரர் கூரிய கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பந்தைச் சுற்றிலும் பூக்களை எல்லாம் நறுக்கித் தள்ளிவிடுவார். எஞ்சுவது, குட்டைக் காம்புகள் நெருக்கமாக நின்ற ஒரு மொட்டைத் தலை. விதை உண்டாக்கும் மார்க்கம் அடைபட்டுவிட்ட நிலையில், தண்டு வழியே ஏறிவரும் சத்து வேறு போக்கிடம் தேட, காம்புகளின் அடியில் உறங்கிக்கிடந்த குருத்துகள் விழித்தெழுகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல, அறுபட்ட காம்புகளுக்கிடையே முதலில் பச்சைப் புள்ளிகளாகவும், பின்னர் ஊசிமுனைகளாகவும், அதன்பின் விரல் நீளத்துக்கு அடர்ந்த இலைக்கொத்தாகவும் அவை பெருகும். பூவின் அழகை அழித்தவனுக்கு அச்செடி நூறு கன்றுகளைத் தருவதும் உண்டு. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. எந்தச் செடி தாராளமாகக் கன்று ஈனும், எது லோபியாயிருக்கும் என்பது அந்தந்த வம்சத்தின் சுபாவம்.

இலையுதிர்காலம் முடிந்து நவம்பர், டிசம்பர் மாதங்கள் வரும்போது, தலையைத் தண்டோடு வெட்டி உள்ளே கொண்டுவந்து கன்றுகளைப் பிரிப்பார்கள். இது அவசரக்காரரின் வேலையன்று. ஒரு கன்றை விரல்களுக்கிடையில் பிடித்து, மெல்லச் சாய்த்து இழுத்தால், அடியில் கடுகளவான வெண்மையான தட்டு ஒன்று அதனுடன் சேர்ந்து வரவேண்டும். வேர் புறப்படுவது அந்தத் தட்டிலிருந்துதான். அது தலையிலேயே தங்கிவிட்டால் கையில் வந்தது வெறும் இலையே. பிரித்த கன்றுகளில் பருமனானவற்றைத் தேர்ந்து, மணல் கலந்த மக்கு உரத்தில் அடித்தட்டு மட்டும் புதையுமாறு ஊன்றி, அடியிலிருந்து சற்றே சூடு தந்து வைத்தால், இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். வட இங்கிலாந்தின் குளிர்காலத்தில் பகற்பொழுது ஏழெட்டு மணி நேரமே நீடிப்பதால், போட்டியில் ஈடுபட்டோர் கண்ணாடி வீட்டில் மின்விளக்கு ஏற்றி நாளின் நீளத்தைக் கூட்டுவதும் உண்டு. செப்டம்பர் போட்டிக்கு அக்கன்றுக்கு ஒன்பது பத்து மாத வளர்ச்சி கிடைத்துவிடுகிறது. மார்ச்சில் விதைத்தவனின் நாற்றோ வசந்தத்தில்தான் மண்ணை முட்டிக்கொண்டு வெளிவரும். தாயின் குணம் மாறாமை ஒரு லாபம் என்றால், இந்தக் கால லாபம் மற்றொன்று.

இவ்வழியில் கைமாறிய வம்சங்களுக்கு அவ்வூர்களில் இருந்த மதிப்பு சாமானியமல்ல. வென்ற செடியின் தலை யாருக்குக் கிடைக்கும் என்பது அண்டை வீட்டாரிடையே பெரிய விஷயம். ஒரு நல்ல வம்சத்தின் கன்று, தந்தையிடமிருந்து மகனுக்கும், நண்பனிடமிருந்து நண்பனுக்கும் சென்றதேயன்றி, எல்லோருக்கும் எளிதில் அகப்பட்டதில்லை. 1988-இல் ஆஷிங்டன் ஊரின் சுரங்கம் மூடப்பட்டது. 2005-இல் எல்லிங்டன் சுரங்கமும் மூடப்பட்டதோடு, அப்பகுதியின் ஆழ்சுரங்கத் தொழிலே முடிவுற்றது. கரி வெட்டும் தொழில் போய்விட்டபோதிலும் லீக்ஸ் வளர்க்கும் பழக்கம் அத்துடன் அழிந்துவிடவில்லை என்பதற்கு, இவ்வம்சங்களின் மேல் அம்மக்கள் வைத்த அபிமானமும் ஒரு காரணமாகும்.

மனிதன் கத்தரிக்கோலால் செய்விப்பதைத் தானாகவே செய்யும் காட்டுறவு ஒன்றும் இச்செடிக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தாவரவியலாளர் சார்லஸ் பாபிங்டனின் பெயரைத் தாங்கிய ‘பாபிங்டன் லீக்’, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலும், ஸில்லித் தீவுகளிலும், அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் மணற்பாங்கான கடலோரங்களில் வளர்கிறது. அதன் தலையில் பூக்கள் சொற்பம், குமிழ்களே ஏராளம். கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து விழும்போது, குமிழ்கள் மண்ணில் சிதறி அங்கேயே வேரூன்றி விடுகின்றன. சாதாரண லீக்ஸும் பூத்தண்டு அறுபட்டால், தலையில் மட்டுமன்றி அடியிலும் வெண்மையான உருண்டைக் குமிழ்களைத் திரட்டும். அவற்றைப் பிரித்து நட்டும் பயிரை விருத்தி செய்யலாம். இப்படிக் குமிழ் விடுவதற்கென்றே வளர்க்கப்படும் லீக்ஸ் வகை ஒன்றிலிருந்து கிடைப்பவைதாம் ஐரோப்பியர் ஊறுகாயிடும் முத்து வெங்காயங்கள். வெங்காயத்தைப்போல் பல அடுக்குகள் இன்றி, ஒரே சதைப்பற்றான அடுக்கு மட்டும் கொண்டிருப்பதே அவற்றின் அடையாளம்.

இவ்வளவும் கேட்டபின், விதையை விட்டுவிட்டுக் கன்றையே கைக்கொள்ளலாமே என்று வாசகர் நினைக்கக்கூடும். அங்கேதான் மறுபக்கத்தையும் நோக்க வேண்டியிருக்கிறது. தாயின் நற்குணங்களை முழுமையாகக் கொண்டுவரும் கன்று, தாயின் வியாதியையும் முழுமையாகக் கொண்டுவருகிறது. அசுவினிப் பூச்சிகளால் பரவும் ‘மஞ்சள் கோடு’ வைரஸ் நோய் கண்ட செடியின் இலைகளில் வெளிர்மஞ்சள் வரிகள் தோன்றி, வளர்ச்சி தளரும். அந்நோய் விதையின் வழியே சந்ததிக்குச் செல்வதில்லை, ஆனால் தலையில் பிறந்த ஒவ்வொரு கன்றிலும் குடியேறிவிடும். வருஷந்தோறும் கன்றையே நட்டு வருபவனின் வம்சம், வெளித்தோற்றத்துக்கு மாறாதது போலிருந்தே, உள்ளூர நலிந்துகொண்டு வரக்கூடும். மேலும், எல்லாச் செடிகளும் ஒரே செடியாக இருப்பதால், ஒன்றைத் தாக்கும் துருநோய் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தாக்கும். இது போனால் அது பிழைக்கும் என்னும் ஆறுதலுக்கு அங்கே இடமில்லை. சீக்கிரமே ஊன்றி வளர்த்த கன்றுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஓரளவு பருத்தபின் குளிர் தாக்கிவிட்டால், குளிர்காலம் கழிந்துவிட்டதாகக் கொண்டு, போட்டிக்கு முன்பே பூத்தண்டு விட்டுவிடும். பூத்தண்டு ஓடிய லீக்ஸின் நடுவில் கட்டையான நரம்பு ஏறி, சபைக்கும் உதவாமல் சமையலுக்கும் உதவாமல் போகும்.

எல்லாவற்றினும் முக்கியமான குறை ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். கன்று ஒருபோதும் புதியதாக எதையும் தருவதில்லை. தாய் எவ்வளவோ, அவ்வளவே பிள்ளை. அதைவிடப் பெரியதை, நோய்க்கு ஈடுகொடுப்பதை, நம் மண்ணுக்கு இசைவதை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. பரிசுபெறும் வம்சம் எதுவாயினும், அதன் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், என்றோ ஒருவர் தூவிய விதைகளில் நூற்றுக்கு ஒன்றாக முளைத்த ஓர் அபூர்வ நாற்றையே கடைசியில் காண்போம். அந்த அபூர்வத்தைக் கண்டெடுக்கும் வேலை விதையுடையது. கண்டெடுத்ததைக் கைநழுவாமல் காக்கும் வேலை கன்றுடையது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரிகளாக எண்ணுவது, வேலையின் இரு பாதிகளைப் போட்டிக்கு நிறுத்துவதேயாகும்.

ஆகவே, நம் போன்றவர்களுக்குப் பொருந்தும் முடிவு இது. வீட்டுச் சமையலுக்காக மலைப்பிரதேசத்தில் ஒரு பாத்தி லீக்ஸ் வளர்க்க விரும்புபவர், அந்தந்த ஆண்டின் புது விதையை வாங்கி நாற்றுவிடுவதே உத்தமம். குளிர் போதாத இடங்களில் இச்செடி பூப்பதே அரிதாகையால், பூந்தலையை நம்பியிருப்பதும் அங்கே பலிக்காது. குளிர்தேசங்களில் வசிக்கும் தமிழர்கள், தம் வீட்டுத் தோட்டத்தில் அலாதியாகத் திரண்ட ஒரு செடியைக் கண்டால், அதைச் சமைத்துவிடாமல் மறு கோடைவரை நிற்கவிட்டு, பூந்தலையில் பாதியைக் கத்தரித்துக் கன்று எடுக்கலாம். மறுபாதியைத் தேனீக்களுக்கு விட்டு, அண்டையில் பூத்த நல்ல செடிகளோடு கலந்து வரும் விதையையும் சேகரிக்கலாம். கன்றுகள் அடுத்த ஆண்டின் விளைச்சலுக்கு உறுதி கூறும். விதைகளில் பெரும்பாலானவை தாயைவிடத் தாழ்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அவற்றை விதைத்து, தாயை விஞ்சும் ஒரு நாற்று தென்படுகிறதா என்று ஆண்டுதோறும் தேடிப் பார்ப்பதற்குப் பாத்தியின் ஒரு மூலையை ஒதுக்கி வைத்தால் போதும்.